டோமினோ ஆட்டத்தை நிறுத்தும் மணி

ஆலன் நகரத்திலிருந்து கிளம்பிய எங்கள் கார் டெக்சஸின் ஒரு சிற்றூரில், பழைய மரப் பள்ளிக்கூடத்தின் முன் நிற்கிறது. கறுப்பினக் குழந்தைகளை மற்ற பள்ளிகள் சேர்க்காத காலத்தில், பெற்றோரே கட்டிக்கொண்ட பள்ளி. இன்று அருங்காட்சியகம். ஒட்டியுள்ள கூடம் சமூக மையம். உள்ளே பெரியவர்கள் மேசையில் புள்ளிக் கட்டைகளை வைத்து டோமினோ ஆடுகிறார்கள்.

வாசலில் பள்ளி மணி தொங்குகிறது. வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்குகிறவர் அதை அடிப்பார். கூடத்தில் இருப்பவர்கள் எழுந்து கைதட்டுவார்கள். இது ஊர் வழக்கம் என்கிறார் சுற்றிக்காட்டும் மிஸ் லோரெட்டா.

"இவளும் அவங்க வீட்ல ஃபர்ஸ்ட் கிராஜுவேட்தான்!" தோழி நஸ்ரின் போட்டுக்கொடுத்துவிடுகிறாள்.

அடிக்க எனக்கும் ஆசைதான். ஆனால் இவர்கள் பாடுபட்டு மாட்டிய மணியை நான் தொடலாமா?

"நான் இந்த ஊர் இல்லையே, மிஸ் லோரெட்டா."

"உனக்கு முன்னாடி உங்க வீட்ல யாராவது காலேஜ் போனாங்களா? இல்லைல்ல? அப்போ கயித்தைப் பிடி, ஹனி."

மெல்ல இழுக்கிறேன்.

"கேக்கலை!" கூடத்திலிருந்து சத்தம் வருகிறது.

இரண்டு கைகளாலும் இழுக்கிறேன். நாற்காலிகள் கிரீச்சிட, எல்லோரும் எழுந்து கைதட்டுகிறார்கள். தொப்பி போட்ட ஒருவர் எழுந்த வேகத்தில் மேசையிலிருந்த டோமினோ கட்டைகள் சிதறுகின்றன.

"தோத்துக்கிட்டிருந்தேன், காப்பாத்திட்டே!" என்கிறார் என்னிடம். "வீட்ல வேற யாராவது படிக்கிறாங்களா? அடுத்த சனிக்கிழமை ஆட்டத்துக்குக் கூட்டிட்டு வா."

"தங்கச்சி படிக்கிறா, அங்கிள்," என்கிறேன் சிரித்துக்கொண்டே. "ஆனா அவ ரெண்டாவது ஆளு. அவளுக்கு மணி கிடையாது."