தெய்வானை அக்கா கொண்டுபோன மத்தியானச் சோறு

செவ்வாய்க்கிழமை முற்பகல், சோறு வடித்துக்கொண்டிருந்த நேரத்தில் செய்தி வந்தது. தெய்வானை அக்காவின் கணவர் ஆறுமுகம் அண்ணனோடு சுரங்கத்தில் வேலை பார்ப்பவர் ஒருவர் சைக்கிளை வேலியில் சாய்த்துவிட்டு உள்ளே வந்தார். கையில் தந்தி இருந்தது. போன மாதம் தாராபுரத்துக்குப் பக்கத்தில் உள்ள பிறந்த வீட்டுக்கு அண்ணன் அழைத்துப் போயிருந்த அக்கா அன்று விடியற்காலையில் போய்விட்டார்.

அக்கா நோயில் படுத்ததிலிருந்து பெரியவர்களுக்கான மத்தியானச் சமையல் என் வீட்டுக்கு மாறியிருந்தது. அடுப்படியில் நானும் கூடச் சமைக்கும் அஞ்சலையும்தான் நின்றோம். தூக்குப்பாத்திரங்கள் மூடி திறந்து வரிசையாக இருந்தன. "இன்னைக்கு ஒருநாள் நிறுத்திரலாமா?" என்று நான்தான் கேட்டேன். அஞ்சலை முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். "அக்கா செத்துட்டாங்கன்னு சொல்லிக்கினு கெழவன் கெழவிங்களப் பட்டினி போடறதா? அக்காவே எழுந்து வந்து திட்டும்" என்றாள். கரண்டியை எடுத்துப் பருப்பை ஊற்றத் தொடங்கினாள். அன்று ஒவ்வொரு வீட்டிலும் சோற்றோடு செய்தியையும் கொடுத்தோம். சிலர் தட்டைத் தள்ளி வைத்தார்கள். சிலர் அழுதுகொண்டே சாப்பிட்டார்கள்.

அக்காவை அறிந்த நீங்கள் எல்லோரும் அவரைத் தெருவில் பார்த்திருப்பீர்கள். மத்தியான வெயிலில் தலையில் முக்காடு, இரண்டு கையிலும் தூக்கு, வேகமான நடை. எதிரே வருகிறவர்களுக்கு நின்று பதில் சொல்லமாட்டார். "சோறு ஆறிப்போகுதுங்" என்று சொல்லிக்கொண்டே கடந்துவிடுவார். அந்த நடை எப்படித் தொடங்கியது என்பது பலருக்குத் தெரியாது. நான் அடுத்த குவார்ட்டர்ஸில் இருந்ததால் தெரியும்.

நாங்கள் நெய்வேலிக்கு வந்த புதிதில் மின் நிலையத்தின் புகைபோக்கி எழும்பிக்கொண்டிருந்தது. நட்ட மரங்கள் இடுப்பளவுதான் இருந்தன. செம்மண் புழுதியில் எல்லாத் தெருவும் ஒரே தெருவாக, எல்லா வீடும் ஒரே வீடாகத் தெரியும். ஒருநாள் மத்தியானம் அக்கா வீட்டுக் கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு பெரியவர் உள்ளே வந்தார். கண்ணில் புரை. நேராக அடுப்படிக்குப் போய்ச் சுவர் ஓரமாக உட்கார்ந்து, "சோறு எங்கேம்மா வச்சிருக்கே?" என்றார். அக்கா ஒன்றும் கேட்கவில்லை. தட்டை வைத்துச் சூடாகப் பரிமாறினார். இரண்டு கவளம் உள்ளே போன பிறகுதான் பெரியவர் கையை நிறுத்தினார்.

"இது எங்க வீட்டுக் குழம்பு இல்லையே?"

"இல்லீங். எங்க ஊட்டுக் கொழம்பு. நல்லா இருக்குதுங்களா?"

அவர் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர். ராமநாதபுரம் பக்கம். மனைவி இறந்த பிறகு மகனோடு வந்திருந்தார். மகனுக்கு மின் நிலையத்தில் வேலை, மருமகளுக்குப் பள்ளிக்கூடத்தில் வேலை. காலையில் மூடி வைத்துவிட்டுப் போகும் சோற்றை மத்தியானம் தடவிப் பார்த்து எடுத்துச் சாப்பிடுவார். அன்று காற்றாட வெளியே நடந்துவிட்டுத் திரும்பும்போது வீடு மாறிவிட்டது. வெட்கத்தில் எழுந்திருக்கப் பார்த்தவரை அக்கா கையமர்த்தி முழுக்கச் சாப்பிட வைத்தார். மறுநாள் மத்தியானம் ஒரு தூக்கில் சுடுசோறும் கீரைக் கடைசலும் எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனார்.

போய்வந்த பிறகு என்னிடம் சொன்னார்: "இந்த ஊரு வேலைக்குப் போறவங்களுக்குன்னே கட்டுனது அம்மிணி. மத்தியானத்துல கதவெச் சாத்திக்கிட்டு உள்ளே கெடக்கற பெருசுக எத்தனை பேருன்னு யாருக்குத் தெரியும்?"

தெரிந்துகொள்ள அவர் தெருத் தெருவாக நடந்தார். நகரியத்து வீடுகளோடு நிற்கவில்லை. சுரங்கத்துக்கு நிலம் போனபின் குடிபெயர்ந்தவர்கள் குடிசை போட்டிருந்த பக்கத்துக்கும் போனார். அங்கே மகனும் மருமகளும் காண்டிராக்ட் வேலைக்கு மண் சுமக்கப் போய்விட, வயதானவர்கள் நாளெல்லாம் தனியாக இருந்தார்கள். கொஞ்ச நாளில் எங்கள் தெருப் பெண்களில் பாதிப்பேர் ஆளுக்கொரு பிடி அரிசி கூடுதலாகப் போட்டார்கள். இரண்டாவது ஷிப்டுக்குப் போகும் ஆண்கள் வழியில் உள்ள வீடுகளுக்குச் சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். மற்ற வீடுகளுக்கு நாங்கள் நடந்தோம். இதற்கு யாரும் பெயர் வைக்கவில்லை. தெருவில் 'தெய்வானை சோறு' என்றார்கள். அக்காவுக்கு அது பிடிக்காது.

ஒரே ஒரு கட்டளைதான் அவர் போட்டது. கொண்டுபோனவர்கள் உட்கார வேண்டும். முதல்நாள் நான் தூக்கைக் கொடுத்துவிட்டு உடனே திரும்பி வந்ததைப் பார்த்துக் கோபப்பட்டார். "வெச்சுப்போட்டு வாரதுக்கு அது நாய்ச்சோறா? ஒரு வாய் அவங்க திங்கற வரைக்கும் உக்காந்து பேசிட்டு வரோணும்." அதன்பிறகு திரும்பி வந்ததும் அவர் கேட்கும் கேள்வி, "என்ன பேசுனாங்க?" என்பதுதான். சாப்பிட்டார்களா என்று கேட்கமாட்டார். ஒன்றும் பேசவில்லை என்று சொன்னால் அன்று சாயங்காலமே அவர் நேரில் போய்ப் பார்த்துவிட்டு வருவார்.

தன் சமையலைப் பற்றி அவருக்குக் கொஞ்சம் கர்வம் இருந்தது. அதை உடைத்தவர் சின்னப்பொண்ணு. குடிசைப் பக்கத்தில் இருந்த கிழவி, அஞ்சலையின் மாமியார். அக்கா பார்த்துப் பார்த்துக் குழைய வேகவைத்து, காரம் குறைத்துக் கொண்டுபோன சோற்றை ஒரு வாய் தின்றுவிட்டு, "இன்னாடி இது, சீக்காளிக்கு ஊத்தற கஞ்சியாட்டம்? எனக்கு இன்னா நோவா? கருவாடு இல்லாத சோறு ஒரு சோறா?" என்றாள். அக்கா முகம் சிவந்து திரும்பி வந்தார். ஆனால் மறுநாள் சேத்தியாத்தோப்புச் சந்தைக்குப் போகிற ஒருவரிடம் சொல்லிக் கருவாடு வாங்கினார். வைத்த குழம்பை வாயில் வைக்க முடியவில்லை. அவருக்கு அது பழக்கமில்லாத சமையல்.

அந்த வாரத்தில் ஒருநாள் அஞ்சலை வாசலில் வந்து நின்றாள். அப்போது அவள் மண்வேலையை விட்டிருந்தாள். வயிற்றில் பிள்ளை. "எங்க மாமியாருக்குச் சும்மா வாங்கிக்கினு இருக்க எனக்கு மனசு இல்லீங்க. கருவாட்டுக் கொழம்பு நான் வெச்சுத் தரேன். எங்க பக்கத்துக் கெழங்க எல்லாத்துக்கும் அதான் புடிக்கும்" என்றாள்.

"உள்ள வா" என்றார் அக்கா. அவ்வளவுதான் நடந்தது. அன்று கருவாட்டு வாசனை எங்கள் தெரு முழுக்க அடித்தது. அஞ்சலை யார், எந்தத் தெருவிலிருந்து வருகிறாள், யார் வீட்டு அடுப்படிக்குள் நிற்கிறாள் என்பதும் வாசனையோடு போய்ச் சேர்ந்துவிட்டது. மறுநாள் மூன்று வீடுகளிலிருந்து அரிசி வரவில்லை. அதற்கு அடுத்த நாள் இன்னும் இரண்டு. யாரும் சண்டைக்கு வரவில்லை. "ஊரிலிருந்து ஆள் வந்திருக்காங்க", "உடம்பு சரியில்லை" என்று சொன்னார்கள். சைக்கிளில் கொண்டுபோனவர்களில் பலர் வேறு வழியாக ஷிப்டுக்குப் போகத் தொடங்கினார்கள்.

வாத்தியார் ஐயா அப்படிச் சாக்குச் சொல்லவில்லை. அவரிடம் மறைக்கலாம் என்று யோசனை சொன்னவள் நான். "அவருக்குக் கண்ணா தெரியுது? யார் சமைச்சா என்னன்னு சொல்லாம வச்சிட்டு வாங்க அக்கா. முதல்நாள் உங்க வீட்ல நீங்க யாருன்னு கேட்டுட்டா சாப்பிட்டாரு?" என்றேன்.

"அன்னிக்கு அவருக்கும் தெரியாது, எனக்கும் அவரு யாருன்னு தெரியாது. இன்னிக்கு எனக்குத் தெரியுமே அம்மிணி. பசிச்சவரெ ஏமாத்திப் போடற சோறு எனக்கு வேண்டாம். அஞ்சலையெ அடுப்படிக்குள்ள ஒளிச்சு வெக்கவும் மாட்டேன்."

அன்று நானும் கூடப் போனேன். தூக்கை அவர் முன் வைத்து, "ஐயா, இன்னிக்குச் சோறும் பருப்பும் அஞ்சலை ஆக்குனது. வேண்டாம்னா சொல்லிப்போடுங்க, எனக்கு வருத்தமில்லீங்" என்றார் அக்கா. பெரியவர் தூக்கின் மூடியைத் தடவிப் பார்த்தார். பிறகு, "என்னால முடியலம்மா. எழுபது வருஷப் பழக்கம்" என்றார். அக்கா தூக்கை எடுத்துக்கொண்டார். வீட்டுக்கு வந்து பாலும் வாழைப்பழமும் எடுத்துக்கொண்டு மறுபடி அந்த வெயிலில் நடந்தார். அன்றிலிருந்து வாத்தியார் ஐயாவுக்கு மட்டும் பாலும் பழமும் என்று ஆயிற்று.

ஆறுமுகம் அண்ணன் சுரங்கத்தில் எலெக்ட்ரீஷியன். அதிகம் பேசாதவர். வேலையிடத்தில் அவரைக் குத்திக்காட்டிப் பேசியிருக்கிறார்கள். ஒருநாள் சாப்பிட்டுக் கை கழுவும்போது, "ஆளுக வாய்க்கு வந்தபடி பேசறாங்க. விட்டுப்போடலாமா?" என்று கேட்டார். நான் அப்போது அங்கேதான் இருந்தேன்.

"நீங்க சொன்னா விட்டுப்போடறேனுங்" என்றார் அக்கா. "ஆனா நாளைக்கு மத்தியானம் சின்னப்பொண்ணுகிட்டப் போயி, இனிமே சோறு இல்லைன்னு நீங்கதான் சொல்லோணும்."

மறுநாள் அவருக்கு வார விடுமுறை. வெறுங்கையோடு எப்படிப் போவது என்று அன்றைக்கு மட்டும் ஒரு தூக்கை மாட்டிக்கொண்டு கிளம்பினார். மூன்று மணி வரை ஆளைக் காணோம். திரும்பி வந்து காலித் தூக்கைக் கிணற்றடி போல் நனைந்து கிடந்த குழாயடியில் வைத்து அவரே கழுவினார். "சொன்னீங்களா?" என்று அக்கா கேட்டார். "அந்தக் கெழவி என்னைப் பேசவே விடலெ. அவ புருசன் மாடு வாங்குன கதையெச் சொல்லிக்கிட்டே இருந்தா. பாதிலதான் விட்டுட்டு வந்திருக்கேன். நாளான்னிக்கு ஷிப்டுக்குப் போறப்ப மீதியெக் கேக்கோணும்" என்றார். அக்கா முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு சிரித்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. அதற்குப் பிறகு குடிசைப் பக்கத்துக்குச் சோறு கொண்டுபோவது ஆறுமுகம் அண்ணனின் வேலையாகிவிட்டது.

வாத்தியார் ஐயா விஷயத்துக்கு வருகிறேன். ஒரு மழைக்காலத்தில் அக்காவுக்குக் காய்ச்சல். நான் வேறு வீடுகளுக்குப் போயிருந்தேன். பாலையும் பழத்தையும் அஞ்சலைதான் கொண்டுபோக வேண்டியதாயிற்று. தயங்கித் தயங்கி வாசலுக்கு வெளியே நின்று, "ஐயா, பால் கொண்டாந்திருக்கேங்க. நான் அஞ்சலைங்க" என்றாளாம். தூறலில் நனைந்துகொண்டே நின்றிருக்கிறாள். பிறகு பெரியவர் தடவித் தடவி வாசலுக்கு வந்து கையை நீட்டி டம்ளரை வாங்கிக்கொண்டார். வழக்கப்படி அவர் குடிக்கிற வரை பேச வேண்டுமே என்று, வெளியே நின்றபடியே இவள் மழையைப் பற்றி ஏதோ சொல்லியிருக்கிறாள்.

"நீ அங்கேயிருந்து கத்தினா எனக்கு ஒண்ணும் கேக்கல. உள்ளே வந்து உக்காரு" என்றாராம் அவர்.

அந்த வருஷம் முழுக்க அஞ்சலை அவர் வீட்டுக்குள் போய் உட்கார்ந்து பேசிவிட்டு வந்தாள். பிள்ளை பிறந்து எடுத்துப் போனபோது மடியில் வாங்கி வைத்துக்கொண்டார். அவள் சமைத்த சோற்றை மட்டும் அவர் கடைசி வரை சாப்பிடவில்லை. அதை மாற்றி எழுதினால் கதை நன்றாக இருக்கும். அக்கா ஒத்துக்கொள்ள மாட்டார். எனக்கு அப்போது ஆத்திரம்தான் வந்தது. "இவ்வளவு பழகியும் ஒரு வாய் சாப்பிட மாட்டேங்கறாரே" என்றேன். "அந்த வயசுல, கண்ணுந் தெரியாம, அவ்வளவு தூரம் நடந்து வந்திருக்காரு அம்மிணி. மிச்சத் தூரத்தெ அவரு மருமக நடக்கட்டும்" என்றார் அக்கா. பெரியவர் இறந்த பிறகு அந்த மருமகள் பள்ளி விடுமுறை நாள்களில் வந்து அஞ்சலையோடு உட்கார்ந்து காய் நறுக்கினாள். நின்றுபோன வீடுகளில் சிலவும் திரும்ப அரிசி அனுப்பின. எல்லா வீடும் இல்லை.

போன மழைக்காலத்தில் அக்காவின் வயிற்றில் கட்டி என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். கொஞ்ச நாளிலேயே அடுப்பின் முன் நிற்க முடியாமல் போயிற்று. மத்தியானத் தூக்குகளோடு அவருக்கும் ஒரு தூக்கு சேர்ந்தது. முதல்நாள் அதை எடுத்துக்கொண்டு போகும்போது என் கால் தயங்கியது. எத்தனையோ பேருக்குச் சோறு சுமந்தவரிடம் சோற்றை நீட்டினால் எப்படி எடுத்துக்கொள்வார், அழுவாரா, வேண்டாம் என்பாரா என்று பயந்தேன்.

அக்கா தலையை வாரி முடித்து, தட்டைக் கழுவி முன்னால் வைத்துக்கொண்டு தயாராக உட்கார்ந்திருந்தார். பரிமாறியதும் பிசைந்து ஒரு வாய் வைத்தார். "உப்புப் பத்தலெ. ரசம் இன்னும் ஒரு கரண்டி ஊத்து" என்றார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

"கூச்சப்படுவீங்கன்னு நினைச்சேன் அக்கா."

"எதுக்கு? எனக்குப் பசிக்குது, நீ கொண்டாந்திருக்கறே. நான் வேண்டாம் வேண்டாம்னு சொல்லி, நீ எடுத்துக்கோங்கன்னு கெஞ்சி, அதுக்குள்ள சோறு ஆறிப்போகும்."

ஊருக்கு அழைத்துப் போன நாள் வரை அப்படித்தான் சாப்பிட்டார். நாளுக்கு நாள் அளவு குறைந்தது. கேட்டு வாங்குவது குறையவில்லை.

அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது எது என்று இந்த நாள்களில் யோசித்தேன். சோறு கொண்டுபோவதைப் பலரும் செய்கிறார்கள், இனியும் செய்வார்கள். நான் திருநெல்வேலிப் பக்கத்துக்காரி. அடுத்த வீட்டில் ஒரு டம்ளர் சர்க்கரைகூட வாங்காமல் குடும்பம் நடத்துவதைப் பெருமையாக நினைத்து வளர்ந்தவள். துக்கச் செய்தி வந்த இரண்டாம் நாள் எனக்குக் காய்ச்சல் கண்டது. அஞ்சலை அவள் வீட்டில் கஞ்சி காய்ச்சி, சுட்ட கருவாட்டுத் துண்டோடு எடுத்து வந்தாள். எதற்கு இந்தச் சிரமம் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. எழுந்து உட்கார்ந்து கிண்ணத்தை வாங்கிக் குடித்தேன். முடித்துவிட்டு, "இன்னும் இருக்கா அஞ்சலை?" என்று கேட்டேன்.

"இருக்குதுக்கா" என்று சொல்லி, என் பக்கத்தில் உட்கார்ந்து ஊற்றினாள்.