என்ன எப்பா

யோகேசின் பிறஷர் நூற்றெழுபதுக்கு நூற்றுப்பத்து. முதற்பிள்ளை, எட்டாம் மாதம். கால் இரண்டும் வீங்கிச் செருப்புக்குள் நுழையவில்லை. “தலை வெடிக்குது மிசி, கண்ணுக்கு முன்னால பூச்சி பறக்குது” என்றாள். லோஞ்ச் படகு ஓடாததால் புருஷன் அக்கரையில், சம்பூரில் அகப்பட்டுக்கொண்டான். இவள் உள்துறைமுகப் பக்கம் மாமி வீட்டில் இருந்தாள். வலிப்பு வந்தால் தாயும் போகும், பிள்ளையும் போகும். பயத்தை அவளுக்குக் காட்டாமல் பையை மூடினேன்.

திருகோணமலை டவுனில் இருபத்தெட்டு வருடம் மிட்வைஃபாக, எல்லாருக்கும் ‘மிசி’யாக, வேலை பார்த்தவள் நான். கிளினிக்கில் தொடங்கி, மான் மேயும் கோட்டை வாசல், கடற்கரை, மணிக்கூட்டுக் கோபுரம், டொக்யாட் றோட்டு, உள்துறைமுகம் என்று சைக்கிளில் ஒரு சுற்று. இப்போது வெள்ளைக்காரர் வாடகைச் சைக்கிளில் படம் எடுத்துக்கொண்டு போகிற அதே பாதைதான். சண்டைக் காலத்தில் எங்களுக்கு அது ஆமி மறித்துச் சோதிக்கிற ஏழு சென்றி பொயின்ற். வேகமாக மிதித்தால் சந்தேகம், நின்றாலும் சந்தேகம். ஆகவே காற்று வாங்கப் போகிறவள் மாதிரி மெல்ல மிதிப்பேன். சென்றி வந்தால் இறங்கி உருட்டுவேன். பார்க்கிறவனுக்கு உல்லாசம். எனக்கோ ஒவ்வொரு சென்றியும் ஒரு கண்டம்.

அன்றைக்கு மெல்லமாவது மண்ணாவது! அம்புலன்சைக் கூப்பிட எங்கள் கிளினிக் ஒஃபிசில்தான் போன் இருந்தது. இழுத்து மிதித்தேன். டொக்யாட் றோட்டில் திரும்பும்போது துறைமுகப் பக்கம் பெரிய வெடிச்சத்தம் கேட்டது. கடைக் கதவுகள் படபடவென்று விழுந்தன. ஒரு நிமிடத்தில் றோட்டில் நான் ஒருத்திதான்.

சென்றியில் முன்பின் காணாத சிப்பாய் ஒருவன் நின்றான். “என்ன எப்பா! என்ன எப்பா!” என்று கத்தினான்.

என் மண்டையில் அது தமிழாகத்தான் விழுந்தது. என்ன? எப்ப? சரி, விஷயம் கேட்கிறான் என்று நினைத்தேன், மடைச்சி. “பிள்ளைப்பேறு தம்பி! இன்னும் நாலு கிழமை இருக்கு!” என்று சொல்லிக்கொண்டே கிட்டப் போனேன். அவன் இன்னும் உரக்கக் கத்தினான். காது கேட்கவில்லையாக்கும் என்று நானும் உரக்கப் பதில் சொன்னேன். துவக்கை லோட் பண்ணுகிற சத்தம் கேட்டபிறகுதான் கால் நின்றது. சிங்களத்தில் அதற்கு ‘வராதே’ என்று அர்த்தம்.

சைக்கிள் சரிந்தது. பையிலிருந்து பிள்ளை நிறுக்கும் தராசு, வட்ட முகமும் கொக்கியுமாக, உருண்டு போய் அவன் சப்பாத்தடியில் நின்றது. அவன் குண்டென்று நினைத்துப் பின்னுக்குப் பாய்ந்து என் நெஞ்சுக்கு நேரே துவக்கை நீட்டினான். நான் முழங்காலில் விழுந்து கையைத் தூக்கிக்கொண்டு இருந்தேன். வெள்ளைச் சீருடையோடு மூத்திரம் போய்விட்டது. சொல்ல எனக்கு வெட்கமில்லை.

உள்ளேயிருந்து வயதான கோப்ரல் ஒருவர் வந்தார். அரைகுறைத் தமிழ் தெரியும். “மிசி, சாகவா வந்தது?” என்றார். பிறஷர், பேபி, ஹொஸ்பிற்றல் என்று அழுதழுது சொன்னேன். கீழே கிடந்த தராசை எடுத்து என் கையில் தந்தார்.

“அம்புலன்ஸ் வராது. றோட்டு குளோஸ். எங்கட வாகனம் எடு” என்றார்.

அந்த ஆமிப் பிக்கப்பில் யோகேசின் வீட்டு வாசலில் போய் இறங்கினேன். வாகனத்தைக் கண்டதும் அவள் சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

“இதிலயோ? நான் ஏறமாட்டன் மிசி. அண்ணாவையும் இப்பிடி ஒண்டிலதான் ஏத்தினவங்கள். ஆஸ்பத்திரிக்கெண்டுதான் சொன்னவங்கள்.”

மாமி கதவை மறித்துக்கொண்டு நின்றாள். அவர்களில் பிழை சொல்ல ஏலாது. அண்ணன் போனவன் போனவன்தான்.

நான் திரும்பிப்போய் முதலில் ஏறி இருந்துகொண்டு கையை நீட்டினேன். “ஆஸ்பத்திரிக்குத்தான் போகுது. எனக்கு நல்லாத் தெரியும். நானும் வாறன்தானே.”

அதன்பிறகுதான் வந்தாள். பின்னால் எங்களோடு துவக்குக்காரர் இரண்டு பேர் ஏறினார்கள்.

“மிசி, உண்மையாத்தானே?”

“ஓம் பிள்ளை.”

“சத்தியமா?”

“சத்தியமா.”

முன்னால் சந்தி. இடது பக்கம் போனால் ஆஸ்பத்திரி, வலது பக்கம் போனால் முகாம். றோட்டைப் பார்க்காதபடி அவள் முகத்தை என் தோளில் அமத்திப் பிடித்தேன். வாகனம் வேகம் குறைந்தது. எனக்குத் தெரிந்த கடவுளையெல்லாம் கூப்பிட்டேன். இடது பக்கம் திரும்பியது.

ஆஸ்பத்திரி வாசலிலேயே வலிப்புத் தொடங்கிவிட்டது. ஊசி போட்டு, ஒப்பரேஷன் செய்து, தாயையும் பெண்பிள்ளையையும் காப்பாற்றினார்கள்.

புதிதாகச் சேவைக்கு வரும் பிள்ளைகளுக்கு இரண்டு விஷயம் சொல்கிறேன். வேலை செய்யும் ஊரில் என்ன பாஷை புழங்குகிறதோ அதைப் படியுங்கள். பயந்தவளை ‘ஏறு’ என்று சொல்லாதீர்கள். முதலில் நீங்கள் ஏறுங்கள்.

யோகேஸ் இன்றைக்கும் என்னைக் கண்டால், “மிசிக்கு நல்லாத் தெரிஞ்சபடியால்தான் நான் ஏறினனான்” என்பாள். அந்தச் சந்தி திரும்பும்வரை எனக்கும் தெரியாது.