எல்லைச்சாமிக்கு வைத்த சோறு

அப்பா அந்தச் சோற்றை யாருக்கு வைத்தார்? இன்றுவரை எனக்குப் பதில் தெரியவில்லை.

நேற்று உம்பாய் என்ற ஊரிலிருந்து வந்த பஸ்ஸில் முன்சீட்டுக்காரர் சுருட்டைப் பற்ற வைத்தார். என் மடியில் குழந்தை இருமியது. வேறொரு தாயென்றால் சண்டைக்குப் போயிருப்பாள். நானோ மூக்கை நீட்டி முகர்ந்துகொண்டிருந்தேன். முனியாண்டி படையலில் வரும் வாசனை அது. சுருட்டு, கருவாட்டுக் குழம்பு, சுடுசோறு.

கம்யூனிஸ்டுகளை ஒடுக்க வெள்ளைக்கார சர்க்கார் போட்ட அவசரகாலத்தில், எங்கள் ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் வீடுகளான லயங்களைச் சுற்றி முள்கம்பி போட்டபோது எங்கள் எல்லைச்சாமி முனியாண்டி வெளியே மாட்டிக்கொண்டார். ரப்பர் மரங்கள் முடிந்து பெருங்காடு தொடங்கும் இடத்தில் அவருடைய கல். காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடும் என்று, கேட்டைத் தாண்டி ஒரு பிடி சோறு கொண்டுபோகவும் தடை. கல்லை உள்ளே கொண்டுவந்து வைக்கச் சொன்னார் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை.

"காவக்காரன வீட்டுக்குள்ள பூட்டிட்டா காவல் யாருலா பாக்குறது?" என்றார் அப்பா.

அவருக்கு அரசியல் அவ்வளவுதான். துரை, யூனியன், சர்க்கார் யாரானாலும் சாமியைத் தடுக்காதவன் நல்லவன். யூனியனில் இருந்த என் மாமா, அம்மாவின் தம்பி, சீண்டுவார்: "மச்சான், ஒங்க முனியாண்டி எந்தக் கட்சி?"

"பசிக்கிற கட்சிடா. போய் ஒன் கூட்டத்தப் பாரு."

வெள்ளிக்கிழமைகளில் ரப்பர் பால் வாளிக்குள் துணியால் மறைத்துச் சோறு கொண்டுபோனார். பள்ளி விடுமுறையில், மரத்தில் பால் பிடிக்கும் கிண்ணமான மங்கு துடைக்க நானும் கூடப் போவேன். ஒரு சனிக்கிழமை காலை பார்த்தேன். இலை காலி. அதுவும், நாம் சாப்பிட்டு எழும்போது மடிப்பதுபோல் மடித்திருந்தது. நாயும் பன்றியும் இலையை மடிக்குமா? "சாமி சாப்டுட்டாரு" என்று அப்பா அதை எடுத்துப் புதரில் எறிந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்தார் என்றும் சில நாள் தோன்றுகிறது.

பிறகொரு வெள்ளிக்கிழமை கேட்டில் பிடிபட்டார். போலீஸ் அதிகாரி கேட்டதைத் தோட்டத்துக் குமாஸ்தாவான கிராணி தமிழில் சொன்னார்: "சோத்த யாரு திங்கிறான்னு கேக்குறாரு."

"வைக்கிறதுதாங்க என் வேல. நின்னு பாக்குறதில்ல."

அந்தப் பதிலுக்கு, விசாரணையே இல்லாமல் தடுப்பு முகாம். இருமலோடு திரும்பி வந்தவர், முகாமைப் பற்றி ஒன்றும் சொல்லாமலே போய்ச் சேர்ந்தார்.

இப்போது அவசரகாலம் முடிந்துவிட்டது. கம்பி இல்லை. பெருங்காட்டை வெட்டி இளங்கன்றுகள் நட்டுவிட்டார்கள். கல் இருந்த இடம் எனக்கே அடையாளம் தெரியவில்லை. லயத்தருகே சிமெண்டில் புதுக்கோயில் கட்டி, அதில் அப்பா படத்தை மாட்டப்போகிறார்கள். படித்தவள் என்று, படத்தின் கீழே எழுதும் வேலையை என்னிடம் கொடுத்துவிட்டார்கள். 'சாமிக்காகச் சிறை சென்றவர்' என்று எழுதச் சொல்கிறது கோயில் கமிட்டி. மாமாவோ, "காட்டுல பட்டினி கெடந்தவனுக்குச் சோறு போட்டவருன்னு எழுதும்மா" என்கிறார். மாமா சொல்வதை எழுதினால் போலீஸ் வீட்டுக்கு வருமோ என்று பயம். கமிட்டி சொல்வதை எழுதினால், பசித்து வந்த யாரையோ இல்லையென்று சொல்வதாகிவிடுமோ என்று உறுத்தல். வெறும் பெயரை மட்டும் எழுதலாமா? அதுவும் கோழைத்தனமாகப் படுகிறது. வருகிற வாரம் பெயிண்டர் வந்துவிடுவார். நீங்களாக இருந்தால் என்ன எழுதுவீர்கள்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.