வரப்போரத்து ஈரம்

முழ நீள வெள்ளைக் குழாய்க்குள் இருந்த அந்த ஈரமானியை நான்தான் என் கையால் மண்ணில் புதைத்தேன். பனமலைக்குப் பக்கத்தில் ஓர் அக்காவின் புன்செய்க் கொல்லை அது. கணவர் இறந்த பிறகு தனியாகப் பயிர் செய்துகொண்டிருந்தவர். திண்டிவனத்திலிருந்து எங்கள் ஆராய்ச்சிக் குழு தேடிப்போன விவசாயிகளில் அவர்தான் தயங்காமல் சம்மதித்தார். மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, விதைத்த கொல்லையை இரண்டாகப் பிரித்தோம். ஒரு பாதிக்கு அக்கா தன் கணிப்பில் தண்ணீர் பாய்ச்சுவார். மறுபாதியில், மண் காய்ந்துவிட்டதென்று ஈரமானி சொன்னால்தான் சொட்டுநீர்க் குழாயைத் திறக்க வேண்டும். அது சொல்வது அலுவலகத்தில் என் கணினியில் தெரியும். நான் அக்காவுக்குப் போன் செய்வேன்.

பூ முடிந்து, காயாகப் போகும் விழுது மண்ணுக்குள் இறங்கும் சமயத்தில் அவரே போன் செய்தார். "மேடம், உங்க பக்கத்து செடிங்க வாடிக்கினு இருக்குது. மண்ணு இறுகிப்போச்சுன்னா விழுது எறங்காது. கொஞ்சம் தண்ணி வுட்டுடட்டுமா?"

திரையில் ஈரம் போதுமென்று இருந்தது. "வேணாங்க்கா, நடுவுல விட்டா ஆராய்ச்சியே கெட்டுப்போயிடும்" என்றேன். மூன்று நாள் கழித்து மறுபடி கேட்டார். அதையே சொன்னேன். குழாயின் திருகு அவர் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. திரை எப்படியும் ஈரமென்றே காட்டிக்கொண்டிருந்தது; திறந்திருந்தால் எனக்குத் தெரியப் போவதுமில்லை. சொன்ன சொல்லுக்காக அவர் அதைத் தொடவில்லை.

அடுத்த வாரம் நான் போனபோது அக்கா ஒரு செடியைப் பிடுங்கிக் காட்டினார். மண்ணுக்குள் போகாமலே கருகிய விழுதுகள். அடுத்த பட்டத்து விதைக்காய்க்கென்று அவர் ஒதுக்கியிருந்த பாதி அது. ஈரமானியைத் தோண்டினேன். அந்த இடம் மட்டும் சொதசொதவென்று இருந்தது. வயர் இழுக்க வசதியென்று வரப்போரமாகப் புதைத்திருந்தேன். வரப்புக்கு அந்தப் பக்கம் நெல் வயல். அங்கே கட்டிய தண்ணீர் கசிந்துகொண்டே இருந்திருக்கிறது.

"இந்த மூலை எப்பவும் இப்படித்தான் மேடம். அந்த மிசினு கொல்லை பூரா பாக்குதுன்னு நெனச்சிக்கினு இருந்தேன்" என்றார்.

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அதற்குள், "இதால உங்க வேலைக்கு ஒண்ணும் ஆயிடாதில்ல?" என்று கேட்டார்.

ஆகாது என்றேன். ஆகவுமில்லை. அறிக்கையிலிருந்து அந்தக் கொல்லையையே நீக்கிவிட்டோம். அடுத்த பட்டத்தில் அக்கா பாதிக் கொல்லைதான் விதைத்தாராம். எனக்கு மாற்றல் வந்தது, பதவி உயர்வும் வந்தது. விவசாயிகளோடு சேர்ந்து ஆராய்ச்சி செய்வது எப்படியென்று இன்று கூட்டங்களில் பேசுகிறேன். ரயில் விழுப்புரத்தில் நிற்கும்போதெல்லாம் இறங்கிப்போய் அவரைப் பார்க்கலாமா என்று தோன்றும். போனால் முதலில் என் வேலையைப் பற்றித்தான் விசாரிப்பார். அதற்குப் பயந்தே இதுவரை இறங்கியதில்லை.