பொருந்தாத பேட்டரி

கடலூர் துறைமுகத்திலிருந்து நானும் என் மச்சான் செல்வமும் ஃபைபர் படகில் மீன்பிடிக்கப் போகிறோம். படகில் கரண்ட் கிடையாது என்பதால் பேட்டரியில் ஓடும் டிரில்லும் கட்டிங் மெஷினும் வாங்கி வைத்திருந்தோம். மலிவாகக் கிடைக்கிறதே என்று இரண்டையும் வேறு வேறு கம்பெனியில் எடுத்தோம்.

ஒருநாள் மதியம் கரை திரும்புகையில், அறுந்த வலையோடு மிதந்து வந்த கம்பிக் கயிறு புரொப்பெல்லரில் சுற்றி இன்ஜின் நின்றுவிட்டது. முகத்துவாரத்தில் கொட்டியிருந்த கருங்கற்களை நோக்கி அலை எங்களைத் தள்ளியது. கம்பியை அறுக்க கட்டிங் மெஷினை எடுத்தேன். அதன் பேட்டரி இறங்கிப்போயிருந்தது. டிரில்லில் முழு சார்ஜ் இருந்தும் அந்த பேட்டரி இதில் மாட்டவில்லை.

"மச்சான், குதிச்சிடலாமா?" என்றான் செல்வம்.

"போட்ட வுட்டுட்டு எங்கடா போறது? நங்கூரத்த போடு, குறட்ட எடு!"

நங்கூரம் இழுபட்டு இழுபட்டு ஒருவழியாகப் பிடித்தது. புரொப்பெல்லர் தண்ணீருக்கு மேலே வரும்படி இன்ஜினைத் தூக்கி வைத்து, கம்பி வெட்டும் குறட்டால் மாற்றி மாற்றிக் கம்பியை இழை இழையாக நறுக்கினோம். கை கிழிந்தும் விடவில்லை. இன்ஜின் மறுபடி ஓடியபோது கற்கள் மிக அருகில் இருந்தன.

இப்போது எங்கள் கருவிகள் எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி பேட்டரிதான். சார்ஜ் ஏற்றிய இன்னொன்றும் உப்புத்தண்ணீர் புகாத டப்பாவில் எப்போதும் இருக்கும். புதிதாக எது வாங்கினாலும், கடைக்காரர் முகம் சுளித்தாலும், எங்கள் பேட்டரியை அங்கேயே மாட்டி ஓட்டிப் பார்த்த பிறகே வாங்குகிறோம்.

- சேகர், கடலூர்