கம்சாவின் திரை

மேசைக்கு வந்ததும் மவுஸைக் கழற்றிப் பைக்குள் போட்டுவிடுவாள் கம்சா. பிறகுதான் கதிரையை இழுத்து உட்காருவாள். கணினியில் கறுப்புச் சாளரம் ஒன்றைத் திறந்து, பத்து விரலாலும் கட்டளைகளைத் தட்டுவாள். “மவுஸால காட்டுறது சைகை. எழுதிறதுதான் கதை. வடிவாக் கதைச்சா ஆள் கேப்பார்” என்பாள். ஆள் என்பது அவளுடைய பழைய மடிகணினி.

முல்லைத்தீவுக் கடற்கரைப் பெண். தகப்பன் கொன்ஸ்ரன்ரைன் இன்னும் கடலுக்குப் போகிறார். இவள் வன்னி முழுக்கக் கலியாண மண்டபங்களில் படம் காட்டப் பெரிய திரை கட்டுகிறாள். யாராவது உதவிக்கு வந்தால், “தொடாதேங்கோ அண்ணை, நீங்கள் தூக்கினா நான் திருப்பி நிமித்தோணும்” என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவாள். பந்தியில் மட்டும் முதல் ஆளாக இருப்பாள்.

நெளுக்குளத்தில் ஒரு கலியாணத்தன்று அவளுக்குப் பக்கத்தில் இருந்தேன். மணப்பெண்ணின் சிறு வயதுப் படங்களைக் கோத்த வீடியோவை வேறொருவர் செய்து கொடுத்திருந்தார். மாப்பிள்ளை வீட்டார் வந்து அமர்ந்த நேரம் பார்த்து அது திறக்கவே இல்லை. பெண்ணின் தாய் நேசமலர் ஓடி வந்தார்.

“பிள்ளை, எல்லாரும் வெறுந்திரையைப் பாக்கினம். மானம் போகுது.”

“கொஞ்சம் பொறுங்கோ அன்ரி.”

கம்சா ஒரு திரைக்காப்பின் பெயரைத் தட்டினாள். கணினி சும்மா இருக்கும்போது தானாகவே கோடு வரைந்து, கிளைவிட்டு, பூவாக்கும் நிரல் அது. திரை முழுக்கக் கறுப்பு. நடுவில் வெள்ளைக் கோடுகள்.

“ஐயோ, நல்ல நாளிலை கறுப்பு வேண்டாம்!” நேசமலர் தலையில் கை வைத்தார்.

கம்சா நிமிரவில்லை. அதே கட்டளையின் வாலில் பின்னணிக்கு மஞ்சள், கோட்டுக்குச் சிவப்பு, வேகத்துக்கு ஒரு சிறிய எண் என்று சேர்த்துக்கொண்டே போனாள். கிளைகளைக் கூட்டினாள், இதழ்கள் சிக்குப்பட்டன. குறைத்தாள், பூ மொட்டையாய் நின்றது. மறுபடி கூட்டினாள்.

“ஓம், இது சரி” என்றாள் கம்சா.

மஞ்சள் திரையில் ஒரு சிவப்புக் கோடு மெதுவாக எழுந்து இரண்டாகப் பிரிந்தது. மேளம் தொடங்கியது. கோடுகள் பிரிந்து பிரிந்து பெரிய பூவாக விரிய, மண்டபத்தில் கதை அடங்கியது. மாப்பிள்ளையின் தகப்பன் கைபேசியில் படம் பிடித்துக்கொண்டே, “இது உங்கட பிள்ளைக்கெண்டே செய்ததோ?” என்று கேட்டார்.

“ஓம்” என்றார் நேசமலர், கண் இமைக்காமல். கம்சா சிரிப்பை அடக்கக் குனிந்துகொண்டாள்.

சடங்கெல்லாம் முடிந்தபின் மணப்பெண் தாட்சாயினியே எங்கள் மேசைக்கு வந்தாள்.

“அக்கா, அந்தப் பூவைத் திரும்பப் பாக்கேலுமோ? நான் குனிஞ்சுகொண்டு இருந்தனான். காணேல்லை.”

“ஏலும். ஒவ்வொரு பூவுக்கும் ஒரு நம்பர் இருக்கு. நிரலை அனுப்பிவிடுறன். இந்த நம்பரைக் குடுத்தா எப்பவும் உங்கட பூதான் வரும்.”

கம்சா பேனையை எடுத்தாள். தாட்சாயினி கையை நீட்டினாள். உள்ளங்கை முழுக்க மருதாணி. கம்சா வளையல்களை மேலே தள்ளி, மணிக்கட்டில் அந்த எண்ணை எழுதினாள். பிறகு கையை விடாமல், மை காயும்வரை மெல்ல ஊதிக்கொண்டிருந்தாள்.