நெட்வொர்க் வேலைக்கு ஓர் ஆண் துணை

ஓய்வு பெற்று ஒன்பது வருடம் கழித்து எனக்கு மறுபடியும் ஒரு வேலை கிடைத்தது. சம்பளம் கிடையாது. ஆம்பளையாக இருப்பதுதான் வேலை.

என் மகள் சென்னையில் ஒரு கம்பெனியில் நெட்வொர்க் பொறியாளராக இருந்தவள். அவள் வேலை சொல்லிக்கொடுத்த நான்கு பையன்கள் வரிசையாக அவளுக்கு மேலே போய் உட்கார்ந்ததும் ராஜினாமா செய்துவிட்டுத் திருமயத்துக்கு வந்தாள். ஆவூர்ப் பக்கத்துத் தோழி ஒருத்தியைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டு சொந்தத் தொழில் தொடங்கினாள். ஓர் இடத்தில் இருக்கிற கம்ப்யூட்டர்களையும் கேமராக்களையும் ஒன்றோடொன்று இணைத்துக் கொடுப்பது, கெட்டுப்போனால் போய்ச் சரிசெய்வது. போன இடமெல்லாம் வாசலிலேயே ஒரே கேள்வி: "ஆம்பளை யாரும் வரலையாம்மா?" ஏணியைத் தோளில் வைத்துக்கொண்டு நிற்கிறவளைப் பார்த்துத்தான் கேட்பார்கள். ஏணி தானாக நடந்து வந்தது என்று நினைத்தார்களோ என்னவோ.

ஆறாவது இடத்துக்கு என்னைக் கூட்டிப்போனார்கள். நான் கூட்டுறவுத் தணிக்கைத் துறையில் முப்பத்திரண்டு வருடம் பிறர் கணக்கைக் கூட்டிக் கழித்தவன். வயர் என்றால் எனக்குத் தெரிந்தது துணி காயப்போடுகிற கொடிதான். இருந்தாலும் நரைத்த மீசை, இஸ்திரி போட்ட சட்டை, பையில் பேனா. அன்று ஒருவரும் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. நாற்காலியை எனக்குப் போட்டார்கள், டீயை எனக்குக் கொடுத்தார்கள், சந்தேகத்தையும் என்னிடமே கேட்டார்கள். "சார், இந்த வைஃபை மாடிக்கு எட்டுமா சார்?" நான் மகளைப் பார்ப்பேன். அவள் தலையசைப்பாள். "தாராளமா எட்டும்" என்பேன், நாக்கூசாமல்.

இப்படிப் பதினோரு வாடிக்கையாளர்கள் சேர்ந்தார்கள். அதில் பெரியது மீமிசலில் ஒரு மீன் கம்பெனி. தராசில் மீனை வைத்தால் எடை கம்ப்யூட்டருக்குப் போய், ஆபீஸ் அறையில் பில்லாக வெளியே வரும். ஒரு மாதம் வேலையைப் பார்த்துவிட்டு, விஜயதசமி அன்று வருடக் காண்ட்ராக்டில் கையெழுத்துப் போடுவதாக முதலாளி சொல்லியிருந்தார். அது கிடைக்காவிட்டால் ஆபீஸைக் காலி செய்துவிட்டுச் சென்னைக்கே திரும்பிப் போய் அந்த நான்கு பையன்களுக்குக் கீழே உட்கார வேண்டியதுதான் என்று மகள் சொல்லியிருந்தாள். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு ரத்த அழுத்த மாத்திரை ஒன்று கூடியது.

விஜயதசமி காலையில் முதலாளி போன் செய்தார். எனக்குத்தான்.

"ஐயா, எல்லாம் படுத்துருச்சுங்க. பில்லு வரமாட்டேங்குது. ரெண்டு லாரி நிக்கிது, ஐஸு உருகுது. மதுரையிலருந்து ஒரு பையனை வரச் சொல்லிட்டேன். காண்ட்ராக்ட அப்புறமாப் பாப்போம்."

மூன்று பேரும் காரில் கிளம்பினோம். ஏணி பின்னாலிருந்து நீண்டு என் இடது காதுக்குப் பக்கத்தில் முடிந்தது. அறந்தாங்கிக்குள் மட்டும் ஏழு வேகத்தடை. ஏழிலும் அது என் காதைத் தொட்டது.

"மெதுவாப் போம்மா. மதுரைக்காரன் முந்திட்டா என்ன பண்றது? வேகமாப் போயேன்."

"அப்பா, ஏதாவது ஒண்ணு சொல்லுங்க" என்றாள் மகள்.

"ஏணி எவ்வளவு அமைதியா வருது பாருங்கப்பா" என்றாள் கூட்டாளி பின்னாலிருந்து.

மதுரைக்காரன் இன்னும் வரவில்லை. முதலாளி "வாங்கய்யா" என்று என்னை வரவேற்று ஆபீஸ் அறைக்குள் அழைத்துப்போனார். எட்டு பேர் கூடவே வந்து சுற்றி நின்றார்கள். எல்லா வயரும் வந்து சேருகிற சுவிட்ச் பெட்டி அங்கேதான் சுவரில் இருந்தது. முந்தின நாள் ஆயுத பூஜை. பெட்டிக்குச் சாமந்தி மாலை. அதன் இருபத்துநான்கு விளக்குகளின் மீதும் தலைக்கு ஒன்றாகச் சந்தனம், நடுவில் குங்குமம்.

"பொண்ணு பாக்க வர்றாங்கன்னு சொல்லவே இல்லையேண்ணே" என்று சொல்லிக்கொண்டே கூட்டாளி துணியால் சந்தனத்தைத் துடைத்தாள். உள்ளே விளக்குகள் எல்லாம் வெறிபிடித்த மாதிரி ஒன்றாகத் துடித்தன. மகள் ஒரு நீல வயரை விரலால் தடவிக்கொண்டே போனாள். புறப்பட்ட பெட்டிக்கே அது திரும்பி வந்திருந்தது. இரண்டு முனையும் ஒரே பெட்டியில்.

"இதை யாருண்ணே சொருகினது?"

"நான்தான் தங்கச்சி" என்றார் முதலாளி. "பூசை போடுறப்பப் பாத்தேன், ஒரு முனை சும்மா தொங்கிக்கிட்டுக் கெடந்துச்சு. நல்ல நாளும் அதுவுமா அப்புடி விடலாமா? ஒரு ஓட்டை காலியா இருந்துச்சு, மாட்டிவிட்டேன்."

தன் லேப்டாப்பைச் செருகிச் சோதிப்பதற்காக மகள் விட்டுவைத்திருந்த முனை அது.

"போன சேதி அதே பெட்டிக்குத் திரும்பி வந்து, மறுபடி போயி, மறுபடி வந்து சுத்திக்கிட்டே கெடக்குண்ணே. வேற எதுக்கும் வழி இல்ல. நீங்க சொருகுனதாலதான் எல்லாம் நின்னுச்சு."

எட்டு பேர் முன்னால் மகள் சொல்லிவிட்டாள். வயர் லூசாகிவிட்டது என்று பொதுவாகச் சொல்லியிருக்கலாம். என் காலத்தில் பெரிய பெரிய ஓட்டைகளையே 'கவனக்குறைவு' என்று எழுதி முடித்திருக்கிறோம். முதலாளி முகம் சுருங்கி என் பக்கம் திரும்பினார்.

"என்னங்கய்யா இது? சாமி கும்பிட்டதுக்கா நின்னுபோச்சு? நீங்க சொல்லுங்க."

நான் மகளைப் பார்த்தேன். அவள் தலையசைக்கவில்லை. வேண்டுமென்றே சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எனக்குத் தெரியாதுங்க."

"நீங்கதானே மெயினு?"

"நான் சும்மா கூட வந்தவன்."

"போன மாசம் கேமராவப் பத்தி அம்புட்டுச் சொன்னீங்களே?"

"அதெல்லாம் இவ கார்ல வர்றப்பச் சொல்லிக்குடுத்ததுங்க."

எட்டு பேரில் ஆறு பேர் சிரித்தார்கள். இரண்டு பேர் எனக்காக வருத்தப்பட்டார்கள்.

"நம்பாட்டி நீங்களே உருவிப் பாருங்கண்ணே" என்றாள் மகள்.

முதலாளி உருவினார். விளக்குகள் அடங்கின. மேசையில் பிரிண்டர் கடகடவென்று பில்லைத் துப்பியது. அவர் நம்பாமல் திரும்பச் செருகினார். நின்றது. உருவினார், ஓடியது. செருகினார். வெளியே தராசுப் பக்கமிருந்து லாரி டிரைவர் கத்தினார்: "யோவ், யாருய்யா உள்ள வெளாடுறது?"

"ஒங்களத்தாண்ணே" என்றாள் கூட்டாளி.

முதலாளி வயரை உருவி மகள் கையில் கொடுத்துவிட்டு மதுரைக்காரனுக்குப் போன் போட்டார். "தம்பி, நீ அங்கிட்டே திரும்பிருப்பா." பிறகு காண்ட்ராக்ட் தாளை எடுத்தார்.

"ஐயா பேருலயே போட்டுருவோமா? பொம்பளப் புள்ளைங்க பேருல போட்டா நாலு பேரு நாலு விதமாப் பேசுவாங்க."

நான் பேனாவைத் திறந்துவிட்டேன். காண்ட்ராக்ட் யார் பேரில் இருந்தால் என்ன, அவள் சென்னைக்குப் போகாமல் இருந்தால் போதும் என்பது என் கணக்கு. மகள் பையை மூடினாள்.

"எங்க கம்பெனி பேருல, நாங்க ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டுத்தான்ணே. இல்லாட்டி வேணாம்."

கூட்டாளி ஏற்கெனவே பையைத் தோளில் மாட்டியிருந்தாள். முதலாளி வெளியே நின்ற லாரிகளைப் பார்த்தார், அணைத்த போனைப் பார்த்தார், கடைசியாக என்னைப் பார்த்தார். நான் பேனாவை மூடி மகளிடம் நீட்டினேன்.

"சரி தங்கச்சி, ஒங்க பேருலயே போடுங்க. அந்த வயரு மட்டும் இங்க தொங்கக் கூடாது."

"கையோட எடுத்துட்டுப் போறேண்ணே."

திரும்பும் வழியில் மகள் சொன்னாள், "அப்பா, இனிமே நீங்க வர வேண்டாம்."

"ஏன்?"

"ஒண்ணும் தெரியாதுன்னு ஒங்க வாயாலயே சொல்லிட்டீங்க. இனி யாரு நம்புவா?"

எட்டு மாத சர்வீஸ், ஒரு நாள் கூட லீவு எடுத்ததில்லை. பிரிவு உபசார விழாவாக அறந்தாங்கியில் புரோட்டாவாவது வாங்கிக் கொடுங்கள் என்றேன். எனக்கு மூன்று சொன்னார்கள். இரண்டைத்தான் நான் சாப்பிட்டேன். மூன்றாவதைக் கூட்டாளி எடுத்துக்கொண்டாள், கேட்காமலே.